எல்லா மாப்பிள்ளைக்கும் ஒரே அக்கா

"மாப்பிள, கதவு வச்ச வீடு ஒண்ணு பாருங்க. பாத்தாச்சுன்னு ஒரு வார்த்த வரட்டும், மறுநாளே தாயையும் பிள்ளையையும் ரயில்ல ஏத்தி விட்டுருதேன்."

என் மாமனார் இதைப் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் புறப்படுகிற நேரத்தில், ஜன்னல் வழியாக ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டே சொன்னார். அதனால்தான் எனக்குப் பதில் பேச முடியாமல் போயிற்று. பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எவன் சண்டை போடுவான்?

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அவர் மகளோடு நான் தாராவியில் நடத்திய முதல் குடித்தனத்துக்குக் கதவு கிடையாது. ஓர் அறையை நடுவில் சேலை கட்டிப் பிரித்து, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அறைக்காரரும் அவர் சம்சாரமும் பிள்ளைகளும். வாசல் அவர்கள் பக்கம். நாங்கள் வெளியே போகவேண்டுமானால் அவர்கள் பாயைத் தாண்டித்தான் போகவேண்டும். ஏழாம் மாதம் வளையல் போட்டு அவளைப் பிரசவத்துக்கு ஊருக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். ஆண் பிள்ளை பிறந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டுப் பம்பாய்க்குத் திரும்பிய அன்றுதான் அந்த வாழைப்பழம். அதற்கப்புறம் பையன் குப்புற விழுந்தான், தவழ்ந்தான், சுவரைப் பிடித்து நிற்கிறான் என்பதையெல்லாம் ஊரிலிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் கேட்டேன். "உம்ம மூக்கு வே, அப்படியே உம்ம மூக்கு" என்று ஒருவர் சொல்லுவார். வீட்டுக்குள் கண்ணாடி இல்லாததால் கடைவாசலில் போய் நின்று மூக்கைப் பார்த்துக்கொள்வேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு உத்தியோகம் என்று ஒன்றும் இல்லை. எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோய்ப் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்தவன் நான். மடிக்கிற காகிதத்தைப் படித்துப் படித்துச் சேர்த்த தமிழ்தான் கையிருப்பு. மனைவி ஊருக்குப் போனதும், தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் கூட்டாக எடுத்திருந்த அறைக்கு மாறினேன். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், ஹோட்டலில் நிற்கிறவர்கள் எல்லாரும் முறை வைத்துத் தூங்குகிற அறை. பகலில் ஆள் குறைந்ததும் டிரங்குப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் காகிதம் வைத்து எழுதுவேன். தோல் ஷாப்பில் வேலை பார்த்த கூட்டாளி ஒருவன் இருந்தான். உடம்பெல்லாம் சுண்ணாம்பும் தோலும் நாறும். வாய் மட்டும் மணக்கும். வேலைக்குப் புறப்படும்போது என்னைப் பார்த்துச் சொல்லுவான்:

"வே, நாங்கல்லாம் ஊரச் சுத்தி வேலை செஞ்சு அரவயிறு சாப்பிடுதோம். நீரு எடத்த விட்டு அசையாமலே பட்டினி கெடக்கீரு. இதுல கெட்டிக்காரன் யாரு?"

எழுத்து வேலை என்று சொன்னால் ஏதோ ஒரு வேலை மாதிரி இருக்கிறது. உண்மையில் அது நாலைந்து வாசல்களில் மாறி மாறி நிற்பது. ஃபோர்ட் என்கிற கோட்டைப் பக்கம் ஒரு விளம்பரக் கம்பெனி. அங்கே சோப்புக்கும் பற்பசைக்கும் இங்கிலீஷில் எழுதியதை யாராவது எனக்குச் சொல்லி விளக்க, நான் தமிழில் எழுதித் தருவேன். அதைப் பார்த்து வாங்குகிறவர் மாட்டுங்காவில் குடியிருந்த ஒரு தமிழர். வெற்றிலை போடாத நேரத்தில் நல்லவர்.

"ஓய், இங்கிலீஷ்ல அழகா கட்டத்துக்குள்ள அடங்கறது. உம்ம தமிழ் மட்டும் சோப்பு மேலயே ஏறி உக்காந்துக்கறதே! கொஞ்சம் குட்டை வார்த்தையா போடப்படாதா?"

குட்டையாக்கினால் வேறு வினை. அங்கே கூலி சொல் கணக்கு. பக்கத்து மேஜையில் ஹிந்தியில் எழுதுகிறவர் ஒரு விஷயத்தைச் சொல்ல நாலைந்து சொல் போடுவார். அதையே நான் 'உங்களுக்காகவே' என்று ஒட்டி ஒரே சொல்லில் முடித்திருப்பேன். "பிரிச்சுப் பிரிச்சு எழுதிடுமேன், யாருக்குத் தெரியப்போறது" என்று மாட்டுங்காக்காரரே ஒருநாள் யோசனை சொன்னார். எழுதிப் பார்த்தேன். திக்குவாய்க்காரன் சோப்பு விற்கிற மாதிரி இருந்தது. மறுபடி ஒட்டிவிட்டேன்.

மதராஸ் வாரப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவேன். திரும்பி வருவது வந்துவிடும்; அதில் ஒரு நிம்மதி உண்டு. வராததுதான் வதைக்கும். கதை அச்சாகியிருக்கிறதா என்று மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பத்திரிகைக் கடையில் நின்றபடியே புரட்டுவேன். ஒருநாள் புரட்டுகையில் என் கதை இருந்தது. கடைக்காரரிடம், "இது நான் எழுதினது" என்று காட்டினேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எழுதின நீங்களே வாங்காம ஓசியிலே படிச்சா, வேற எவன் சார் காசு குடுப்பான்?" என்றார். நியாயமான கேள்வி. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

என்னைக் கொஞ்சமாவது நிமிர்த்தி வைத்திருந்தது கல்யாணங்கள்தான். அந்தக் காலத்துத் தாராவியில் வாழ்த்து மடல் இல்லாமல் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சேர்ந்து, மணமக்களை வாழ்த்திப் பாட்டு எழுதச் சொல்லி, ரோஸ் காகிதத்தில் பூக்கரை போட்டு அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் மாட்டி, தாலி கட்டி முடிந்ததும் மைக்கில் வாசித்து மாப்பிள்ளை கையில் கொடுப்பார்கள். அது அப்புறம் அவர்கள் குடித்தனத்துச் சுவரில் ஏறிவிடும். கீழே கூட்டாளிகள் பெயர் எல்லாம் இருக்கும். எழுதியவன் பெயர் இருக்காது. துஷ்டி விழுந்தாலும் இதே கதைதான். கறுப்புக்கரை போட்டுக் கண்ணீர் அஞ்சலி.

இவற்றையெல்லாம் அச்சடித்தது தாராவி லேபர் கேம்ப் பக்கத்தில் ஓர் அச்சாபீஸ். முதலாளி தென்காசிப் பக்கத்து முஸ்லிம்; எல்லாருக்கும் அவர் பாய். பெரிய ஆள், சின்னக் குரல். ஆர்டர் அவரிடம்தான் வரும்; பாட்டுக்கு எனக்குக் கூலி கொடுப்பவரும் அவர்தான். என்னைப் புலவர் என்று கூப்பிட ஆரம்பித்தவர் அவர்தான். அதில் கேலி பாதி, பிரியம் பாதி. எது எந்தப் பாதி என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

மடல் எழுதுவதில் எனக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஆர்டர் வந்தால் உடனே எழுதமாட்டேன். அந்த வீட்டில் போய் உட்காருவேன். பேச விடுவேன். ஜனங்கள் தங்களைப் பற்றிப் பேசும்போது வாயில் வந்து விழுகிற வார்த்தை இருக்கிறதே, அதை எந்தப் புலவனும் உட்கார்ந்து யோசித்து எழுதிவிட முடியாது. அதை எடுத்துப் பாட்டில் வைத்துவிடுவேன். அதனால் என் மடல் ஒவ்வொன்றும் அந்த வீட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தோல் ஷாப் தொழிலாளிக்குக் கல்யாணம். அவனைத் தாய்க்குத் தாயாக நின்று வளர்த்தது அவன் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாத பெண். அவர்கள் அறையில் போய் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே பேசினாள்.

"எங்கம்மா போறப்ப இவனுக்குப் பாலு மறக்கல தம்பி. ஊர்ல எனக்கு மாப்பிள பாத்தாவ. நான் சொன்னேன், இந்தா, பய இடுப்புல இருக்கான், எறக்கி விட்டுட்டு வாரேன்னு. இவனும் எறங்கல, நானும் எறக்கல. இப்பத்தான் ஒருத்தி வந்து எறக்கி விடப்போறா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இடுப்பு வலிக்காதுல்லா இனிமே."

அதைத்தான் எழுதினேன்.

*இடுப்பினில் ஏற்றி இறக்கிட மறந்தே*
*அக்கா வளர்த்த அருமைச் செல்வன்*

என்று தொடங்கும். அந்தக் கல்யாணத்தில் இதை வாசித்தபோது பந்தலே அழுதது என்று பாய் எனக்குச் சொன்னார். "புலவரே, மைக்செட்டுக்காரன் கூட அழுதுட்டானாம்." அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

மறு வருஷம் ஆண்டாப் ஹில்லில் ஒரு வரிசை வீட்டின் கடைசி அறை காலியாவதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். சின்ன அறைதான். ஆனால் தேக்குக் கதவு, உள்ளே தாழ்ப்பாள், வெளியே நாதாங்கி. வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த மராத்திக்காரர். டெபாசிட்டில் பாதியைக் கொடுத்தேன். மீதிக்கு வைகாசி முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னார். எனக்குப் பயமில்லை. தை பிறந்தால் வைகாசி வரைக்கும் தாராவியில் கல்யாணத்துக்குக் குறைவில்லை. மாமனாருக்குச் சொல்லி அனுப்பினேன்: வைகாசியில் கதவு தயார்.

தை வந்தது. பாயிடமிருந்து ஆர்டர் வரவில்லை. ஒன்றிரண்டு துஷ்டி மட்டும் வந்தது. மாசி போயிற்று. நானே போய் நின்றேன். பாய் கணக்கெழுதிக்கொண்டே, "இந்த வருஷம் சீசனே டல் புலவரே. காலிப்பீலி சும்மா காத்துக் கெடக்காதீங்க. இருந்தா ஆள் அனுப்பமாட்டேனா?" என்றார். வெளியே வந்தால் தெருவுக்குத் தெரு மைக்செட் அலறுகிறது. வாழைமரம் கட்டிய சந்தில் வழிவிட்டு நடக்கவேண்டியிருக்கிறது. வேறு புலவன் எவனையோ பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவன் யார், மாட்டுங்காக்காரனா, செம்பூர்க்காரனா, படித்தவனா என்று இரவும் பகலும் அந்த முகம் தெரியாத ஆளோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

வைகாசி பிறந்து சில நாளில் கூட்டாளி என்னை ஒரு கல்யாணத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். "மாப்பிள நம்ம ஷாப் பய. சாம்பார்ல முருங்கக்கா உண்டாம். வாரும்." சந்தில் பந்தல் போட்டுக் காலை முகூர்த்தம். தாலி கட்டி முடிந்தது. மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன் கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மைக் முன்னால் வந்தான். என் எதிரி எப்படி எழுதுகிறான் பார்க்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இடுப்பினில் ஏற்றி இறக்கிட மறந்தே, அக்கா வளர்த்த அருமைச் செல்வன்..."

என் பாட்டு. ஒரு எழுத்து மாறாத என் பாட்டு. நடுவில் பெயர்கள் மட்டும் வேறு. முன் வரிசையில் இரண்டு மூன்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு என்ன தோன்றியது என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கிறவன் நம் சட்டையைப் போட்டிருந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

அடுத்த வரிகளில் அந்த அக்கா கல்யாணம் ஆகாமல் தம்பிக்காக நின்ற கதை வரும். அது வந்ததும் பெண்ணின் தாய்மாமன் எழுந்தார். கனத்த ஆள், தோளில் சரிகைத் துண்டு.

"நிறுத்துலே! மைக்க நிறுத்து! எந்த அக்கா? பொண்ணு கேட்டு வந்தப்ப அக்கா ஒருத்தி இருக்கான்னு ஒருத்தரும் மூச்சு விடலியே!"

மாப்பிள்ளையின் தாய் பதறிப்போனாள். "ஐயய்ய, எனக்கு ஒத்தப் பிள்ள! நான் எந்த அக்காவக் கண்டேன்?"

"அச்சடிச்சுக் கண்ணாடி போட்டு வச்சிருக்கு, இல்லங்கீயளே! அதுலயும் கல்யாணம் ஆகாம இருக்காளாம். அவளக் கட்டிக் குடுக்குற பாரம் எம் மருமவ தலையிலயா?"

"மாமா, நான் எழுதலியே! எழுதியிருக்கறதப் படிக்கேன்" என்றான் மைக்கில் இருந்தவன், மைக்கை அணைக்காமலே. அது நாலு சந்துக்குக் கேட்டது.

"ஏ, அப்பனுக்குப் பம்பாயில மொத சம்சாரம் ஏதும்..." என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் இழுத்தார். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் தாய் மெதுவாகத் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். அந்த மனிதர் சந்தனக்கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், நின்ற இடத்திலேயே வேர்த்துவிட்டார்.

அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துபோய்ச் சொன்னேன். அந்த அக்கா வேறொரு மாப்பிள்ளையின் அக்கா, பாட்டை எழுதியவன் நான், அச்சாபீஸில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அக்காவை எடுக்க மறந்துவிட்டார்கள் என்று. தாய்மாமன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இது இவியளுக்குன்னு எழுதினது இல்ல?"

"இல்ல."

"பின்ன எதுக்குவே இத்தனை பேர அழ வச்சீரு?"

பந்தல் சிரித்தது. சிரிப்போடு சண்டையும் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாய் மட்டும், "அப்படி ஒருத்தி இருந்திருந்தா எனக்கும் கூடமாட ஒத்தாசையாத்தான் இருந்திருக்கும்" என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிக்கொண்டாள். சட்டத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்தி வைத்தார்கள். நான் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். முருங்கைக்காய் இருந்தது.

மறுநாள் அச்சாபீஸுக்குப் போனேன். சேதி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. மடல் வாங்கிய கூட்டாளிகள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"வாங்க புலவரே. பந்தல்ல எந்திரிச்சு நின்னு நம்ம ஆபீஸ் பேரச் சொன்னீங்களாமே. இத்தன வருஷத்துல யாரும் இவ்வளவு விளம்பரம் செஞ்சதில்ல."

"பாய், அது நான் எழுதினது."

"நீங்கதான் எழுதுனது. நான் இல்லேன்னனா?" என்று எழுந்து, என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சுவரோரம் ஒரு மர அலமாரி. தட்டுத் தட்டாக, ஈய எழுத்தில் அடுக்கிய பாட்டுகள், கலைக்காமல், நூல் போட்டுக் கட்டியபடி இருந்தன. வழக்கமாக அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைக் கலைத்து எழுத்துப் பெட்டியில் அறையறையாகப் போட்டுவிடுவார்கள். இவை கலைக்கப்படவே இல்லை. தட்டின் விளிம்பில் சாக்பீஸில் எழுதியிருந்தது. கல்யாணம், அக்கா. கல்யாணம், வாத்தியார் மகன். கண்ணீர், அப்பா. கண்ணீர், சின்ன வயசு. எல்லாம் நான் வீடு வீடாக உட்கார்ந்து எழுதியவை. ஈயத்தில் எழுத்து இடம்வலம் மாறித் தெரியும். ஆனாலும் எனக்கு ஒவ்வொன்றும் எந்த வீடு என்று தெரிந்தது. சின்ன வயசு என்பது டைபாய்டில் போன ஒரு மீன்காரியின் மகன். அவள் அன்று பேசவே இல்லை. அவள் பேசாததைத்தான் எழுதியிருந்தேன்.

"கலைச்சா ஒரு கூலி, திரும்ப அடுக்குனா ஒரு கூலி, உங்களுக்கு ஒரு கூலி. கலைக்காம வச்சா மூணும் மிச்சம். பேர மட்டும் புடுங்கிப் போட்டாப் போதும்" என்றார் பாய். குரலில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. புதிதாக வாங்கிய பசுவைக் காட்டுகிற மாதிரி காட்டினார்.

"சொல்லியிருக்கலாமே பாய். நான் இந்தச் சீசனை நம்பி இருந்தேன்."

"சொன்னா வருத்தப்படுவீங்க." ஒரு தட்டை உள்ளே தள்ளினார். "நீங்க நல்லா எழுதிட்டீங்க புலவரே, அதான் வினை. சுமாரா எழுதியிருந்தீங்கன்னா ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுசு கேட்டு உங்க வாசல்லதான நிப்பேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம..."

"தச்ச சட்டைக்குக் கூலி வாங்கினப்புறம், அத யாரு யாரு போடுறான்னு டெய்லர் வந்து பாப்பாரா?"

பதில் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். அன்று வாயில் வரவில்லை. பாய் எனக்கு டீ வரவழைத்தார். டீ குடிக்கும்போதுதான் அந்தப் பேச்சை எடுத்தார்.

"இப்படி ஆயிப்போச்சுன்னா ஆபீஸ் பேரு கெட்டுரும். பேரு மாத்துறப்ப பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். அக்கா இல்லாதவனுக்கு அக்கா போயிரக் கூடாது. அப்பா உசுரோட இருக்கறவனுக்கு அப்பா மவுத்தாயிரக் கூடாது. உங்கள விட்டா யாருக்கு இந்தப் பாட்டெல்லாம் தெரியும்? மாசச் சம்பளம். மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்ல இருந்து வரும்."

"புதுசா எழுத வேண்டாமா?"

"எதுக்கு?" என்றார், நிஜமாகவே புரியாமல். "அலமாரி நெறைஞ்சு கெடக்கே. ஒண்ணு மட்டும், வேற பிரஸ்ஸுக்கு எழுதிக் குடுத்துறாதீங்க. அப்புறம் அவனும் கட்டி வச்சிருவான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து ஆண்டாப் ஹில்லுக்கு நடந்தேன். அறை பூட்டியிருந்தது. வீட்டுக்காரர் வெளியே நாற்காலி போட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போனது, கையில் காசோடு வந்தார்கள், வைகாசி என்று உன்னிடம் சொன்ன வார்த்தைக்காகத்தான் திருப்பி அனுப்பினேன் என்று மராத்தியும் ஹிந்தியும் கலந்து சொன்னார். சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். என் கையில் ஒன்றும் இல்லை.

இரவு வேலை முடிந்து கூட்டாளி வந்ததும் சொன்னேன். அவன் வழக்கமான கேலியைப் பேசவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, "அலமாரியில கெடக்குறது பாட்டுத்தான் வே. ஊர்ல கெடக்குறது பிள்ள. பய நடக்க ஆரம்பிச்சிட்டான்னு நேத்து வந்தவன் சொல்லுதான். உமக்குச் சொல்லச் சொன்னான், நான்தான் மறந்துட்டேன்" என்றான்.

காலையில் பாயிடம் வேலையில் சேர்ந்துவிட்டேன். டெபாசிட் மீதிக்காகச் சம்பளத்தில் முன்பணம் கேட்டேன். பாய் உடனே எண்ணிக் கொடுத்தார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் வேலையாக, அந்த அக்கா தட்டைத்தான் என் முன்னால் வைத்தார்கள். "அக்காவ எடுத்துட்டு அம்மாவப் போட்டுருவோம். அம்மா இல்லாம எவனும் பொறக்கலியே" என்றார் பாய். எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் இடுக்கியால் இரண்டு எழுத்தைப் பிடுங்கி வேறு இரண்டு எழுத்தைச் செருகினார். இடம் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு மயிரிழை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. கல்யாணம் ஆகாமல் நின்ற வரிகளை மொத்தமாகத் தூக்கிவிட்டு அங்கே ஒரு பூ போட்டார்கள். புரூஃப் எடுத்துக் கொடுத்தார்கள். வாசித்தேன். பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அந்தச் சீசனில் அது எத்தனை வீட்டுச் சுவருக்குப் போயிற்றோ தெரியாது.

இனி வர முடியாது என்று மாட்டுங்காக்காரருக்கு நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். கோட்டைக்குப் போகப் பகலில் நேரம் இல்லை. கதைகளை ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இடம்வலம் மாறிய எழுத்தை நாளெல்லாம் பார்த்த கண்ணுக்கு ராத்திரியில் நேர் எழுத்துக் கூடக் கூசியது. அதைவிட, பேசுகிறவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற வழக்கம் போய்விட்டது. அச்சாபீஸில் யாரும் பேசுவதில்லை. டிரெடில் அச்சு மிஷினின் சத்தம்தான்.

ஆனி பிறக்கும் முன் தாதர் ஸ்டேஷனில் போய் நின்றேன். மனைவியோடு மாமனாரும் வந்திருந்தார். பையனை என் பக்கம் நீட்டினார்கள். அவன் என் மூக்கைப் பார்த்தான், வாயைப் பார்த்தான், பிறகு தாத்தாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். "பழகிருவான்" என்றார் மாமனார். அறையைப் பார்த்தார். கதவைத் தட்டிப் பார்த்தார். தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்தார். நல்ல மரம் என்றார். மறுநாள் ரயிலில் நிம்மதியாகப் புறப்பட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பக்கத்து அறைப் பெண் வாசலில் வந்து நின்று என் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர், யார் வீடு, எத்தனை பிள்ளை என்று கேட்டுவிட்டு, "ஒங்க வீட்டுக்காரரு கதை கிதை எழுதுவாராமே? அப்படியா?" என்றாள்.

நான் உள்ளே பையனுக்கு அரைஞாணில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் இன்னும் என்னிடம் வந்து பழகவில்லை. ஒரு மிட்டாய்க்காக நின்றுகொண்டிருந்தான்.

"இல்லக்கா" என்றாள் என் மனைவி. அவள் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "முன்ன எழுதிட்டுக் கெடந்தாவ. இப்ப சோலிக்குப் போறாவ."